ஃப்ளாரன்ஸில் '1564' நடைச் சுற்றுலா: ஐந்துக்கு மூன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு தண்டமில்லை. ஆனால் எதைக் காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கினார்களோ அது சுமார்தான். எதை இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு நகரப் பார்த்தார்களோ, அதற்காக இன்னொரு தடவைகூடப் போகலாம். நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை, குறை சொல்ல வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. தவிர அந்த ஊரில் இப்படிக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள் தெருவுக்கு நான்கு பேர்.

வழக்கமான சுற்றுலா என்றால் ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பம், இல்லையென்றால் ஜெலாட்டோ ஐஸ்கிரீம். இவர்கள் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், என்ன நடந்தது என்று ஊருக்குள் நடந்துகொண்டே சொல்வார்களாம். 1564 பிப்ரவரி 18-இல் ரோமில் மைக்கேலாஞ்சலோ இறக்கிறார். அதற்கு மூன்று நாள் முன்னால், 15-ஆம் தேதி, பீசாவில் கலீலியோ பிறக்கிறார். இரண்டு பேருமே இப்போது படுத்திருப்பது ஃப்ளாரன்ஸின் சான்டா குரோச்சே தேவாலயத்தில், எதிரெதிர்ச் சுவரில். இதை வைத்தே ஒரு சுற்றுலா கட்டலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்த ஆளுக்கு ஒரு வணக்கம்.

நாங்கள் நான்கு பேர்: நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், மாமனார். மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவர். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பார்.

தலைக்கு 45 யூரோ, பிள்ளைகளுக்குப் பாதி. மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது, மூன்றே முக்கால் ஆயிற்று. எல்லோருக்கும் காதில் மாட்டும் கருவி ஒன்றும் மடித்த அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அட்டையின் தலைப்பு '1564-இல் உலகம்'. ஒரு பக்கம் பிறப்பு, ஒரு பக்கம் இறப்பு, நடுவில் நிகழ்ச்சிகள். கருவி முதல் நாற்பது நிமிஷத்திலேயே எனக்குச் செத்துவிட்டது. மாற்று கேட்டதற்குக் கைவிரித்தார்கள், மீதி நேரம் முழுக்க வழிகாட்டிப் பெண்ணின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் பெண் நல்ல பெண், இங்கிலீஷும் தெளிவு, சிரித்த முகம். மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கும்போது மட்டும் குரல் பள்ளிக்கூடக் குரலாகிவிடுகிறது.

முதல் நிறுத்தம் சான் லொரென்சோ. தேவாலயத்தின் முகப்பு வெறும் கரடுமுரடான கல், பூச்சும் கிடையாது சலவைக்கல்லும் கிடையாது. மாமனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னும் பூசவே இல்லையா?" என்றார். பூசத்தான் இல்லை. இதற்கு முகப்பு போட்டுக்கொடுக்க ஒப்பந்தம் வாங்கியவர் மைக்கேலாஞ்சலோதான், சலவைக்கல்லுக்காக மலைமலையாக அலைந்தார், 1520-இல் ஒப்பந்தம் ரத்து. ஐந்நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது. அதே தேவாலயத்தில்தான் 1564 ஜூலை 14-இல் அவருக்குப் பெரிய நினைவுச் சடங்கு நடந்திருக்கிறது. வார்க்கி என்ற அறிஞர் உரை நிகழ்த்தினார், ஊர்ச் சிற்பிகளும் ஓவியர்களும் சேர்ந்து அலங்காரம் செய்தார்கள். ஓவியம் பெரிதா சிற்பம் பெரிதா என்று அதிலும் சண்டை, சிற்பி செல்லினி கோபித்துக்கொண்டு வரவே இல்லை. சாவு வீட்டில் மாலை வரிசைக்குச் சண்டை போடும் ஜனங்கள் எல்லா ஊரிலும் உண்டு போல.

உடல் ஃப்ளாரன்ஸுக்கு வந்த கதையை அந்தப் பெண் நன்றாகச் சொன்னாள், இங்கே முழு மார்க். மைக்கேலாஞ்சலோ 1534-இல் ஃப்ளாரன்ஸை விட்டு ரோமுக்குப் போனவர், அடுத்த முப்பது வருஷம் திரும்பவே இல்லை. இறக்கும்போது 88 வயது, இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் 89. கடைசி நாட்கள்வரை ஒரு பியெத்தா சிலையை, அதாவது இறந்த ஏசுவை மரியாள் தாங்கும் சிலையை, செதுக்கிக்கொண்டிருந்தார், அது முடியாமலேயே இப்போது மிலானில் இருக்கிறது. அவர் உடலை ரோமிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போப்புக்கு ஆசை. அண்ணன் தம்பி வழிப் பிள்ளை லியோனார்தோ வந்து, வியாபாரச் சரக்கு மூட்டை மாதிரி கட்டி, யாருக்கும் தெரியாமல் உடலை வெளியே அனுப்பிவிட்டார் என்று அந்தக் காலத்து ஓவியரும் கட்டடக்கலைஞருமான வசாரி எழுதியிருக்கிறார். மார்ச் மாதம் ஃப்ளாரன்ஸுக்கு வந்து சேர்ந்தது, ராத்திரியில் தீவட்டி வெளிச்சத்தில் சான்டா குரோச்சேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தபோது உடல் கெடாமல் இருந்ததாம். இதைக் கேட்டதும் என் மகள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன் எந்த மியூசியத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் டுவோமோ என்கிற பெரிய தேவாலயத்தின் நிழலில் நிறுத்திவைத்து அட்டையை வாசித்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். மே 27 ஜெனீவாவில் மதச் சீர்திருத்தக்காரர் கால்வின் இறந்தார், அடுத்து. ஜூலையில் பேரரசர் முதலாம் பெர்டினான்ட் இறந்தார், அடுத்து. அக்டோபரில் உடற்கூறியல் மேதை வெசாலியஸ் இறந்தார், அடுத்து. கருமாதிப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி. இருபது நிமிஷம். வெயில் வேறு. கையில் அட்டை இருக்கும்போது அதை நானே வாசித்துக்கொள்ள மாட்டேனா?

கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருந்தால் இந்த வரிகளிலேயே எவ்வளவு இருக்கிறது! கால்வின் தன்னை எங்கே புதைத்தார்கள் என்று அடையாளமே இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர், அப்படியே அடையாளக் கல் இல்லாமல் புதைத்தார்கள். அதே வருஷம் இங்கே ஒரு சிற்பிக்கு அரசர் மரியாதை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். வெசாலியஸ் ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் கிரேக்கத் தீவு ஸகிந்தோஸில் இறந்தவர். மனித உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படம் போட்டுப் புத்தகமாக்கியவர் அவர். மைக்கேலாஞ்சலோவும் பிணத்தை அறுத்துப் பார்த்துத்தான் தசையைச் செதுக்கக் கற்றுக்கொண்டார். சேர்த்துவைக்க யாருமில்லை. பெர்டினான்டின் மகள் ஜோவன்னா மறுவருஷம் இதே ஊருக்கு மருமகளாக வந்தாள், அந்தக் கல்யாணத்துக்காகத்தான் ஆற்றைத் தாண்டிப் போகும் வசாரி நடைபாதையையே சில மாதங்களில் அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். இதையும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அட்டைக்கு 'உலகம்' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே ஐரோப்பாவின் மேற்குப் பாதியை மட்டும் போட்டிருப்பதும் சரியில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் மீதான ஜிஸியா வரியை அக்பர் நீக்கியது அந்த வருஷம்தான். கோண்ட்வானா ராணி துர்காவதி முகலாயப் படையோடு மோதிப் போர்க்களத்தில் உயிர்விட்டது அந்த ஜூனில். மாஸ்கோவில் இவான் ஃபியோதரோவ் மார்ச் 1-ஆம் தேதி அச்சிட்டு முடித்த புத்தகம்தான் ரஷ்யாவில் தேதி போட்டு அச்சான முதல் புத்தகம். ஒன்றும் இல்லை. உலகமாம்.

சரி, இப்போது நல்ல விஷயம். பியாட்சா டெல்லா சின்யோரியாவில் லோஜ்ஜியா டெய் லான்ட்சி என்று ஒரு திறந்த மண்டபம் இருக்கிறது. எல்லோரும் அங்கே செல்லினியின் பெர்சியஸ் சிலையைத்தான் போட்டோ எடுப்பார்கள், வெட்டிய தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்குமே அது. 1564-இல் அந்தச் சிலை அங்கே பத்து வருஷமாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அதைத்தான் காட்டினாள். போகும்போது சுவரில் இருந்த ஒரு லத்தீன் கல்வெட்டைக் கையால் காட்டி, இது நாட்காட்டியை மாற்றியதற்காக வைத்தது, இதற்கு முன்பு ஃப்ளாரன்ஸில் புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறக்கும் என்றாள். சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

மாமனார் நகரவில்லை.

"மார்ச் 25-ஆ? அப்போ பிப்ரவரியில் செத்தவர் எந்த வருஷத்துக் கணக்கு?" என்றார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "1563" என்றாள்.

அதாவது '1564' என்று தலைக்கு 45 யூரோ வாங்கிக்கொண்டு நடத்தும் சுற்றுலாவின் கதாநாயகன் ஃப்ளாரன்ஸ்காரன் கணக்கில் 1564-இல் இறக்கவே இல்லை. உடல் ஊர் வந்து சேர்ந்த மார்ச் இரண்டாம் வாரம்கூட அவர்களுக்கு 1563-தான். ஜூலை நினைவுச் சடங்கு மட்டும்தான் 1564. அவர் பிறந்த 1475 மார்ச் 6-ஐயும் அவருடைய அப்பா 1474 என்றுதான் குறித்துவைத்திருக்கிறார்.

இதோடு முடியவில்லை. பீசாவிலும் மார்ச் 25-தான் வருஷப் பிறப்பு, ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் ஃப்ளாரன்ஸைவிட ஒரு வருஷம் முன்னால் ஓடுவார்கள். ஆகவே கலீலியோ பிறந்தபோது பீசாவில் 1564, எண்பது கிலோமீட்டர் தள்ளி ஃப்ளாரன்ஸில் அதே நாள் 1563. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாகவே நடந்து வந்தால் ஒரு வருஷம் குறைந்துவிடும். இங்கிலாந்திலும் மார்ச் 25 கணக்குதான். பிப்ரவரி 26-இல் கேன்டர்பரியில் ஞானஸ்நானம் பெற்ற நாடகாசிரியர் மார்லோவுக்கு உள்ளூர்க் கணக்கில் 1563, இரண்டு மாதம் பின்னால் ஏப்ரல் 26-இல் ஸ்ட்ராட்போர்டில் ஞானஸ்நானம் பெற்ற ஷேக்ஸ்பியருக்கு 1564. அட்டையில் இரண்டு பேரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பிரான்ஸ். பதினாலு வயது ராஜா ஒன்பதாம் சார்ல்ஸ் ரூசியோன் என்ற ஊரிலிருந்து ஆணை போடுகிறார், இனி வருஷம் ஜனவரி 1-இல் பிறக்கட்டும் என்று. அது 1564 ஆகஸ்ட். அந்தப் பையனின் அம்மா யார் தெரியுமா, கேத்தரின் டி மெடிச்சி, இதே ஃப்ளாரன்ஸில் பிறந்த பெண். பிள்ளை மாற்றிவிட்டான், அம்மா பிறந்த ஊர் மாறவில்லை, 1749-இல் ஆணை வந்து 1750-இல்தான் ஜனவரி 1-க்கு வந்தது. 186 வருஷ வித்தியாசம். அந்தக் கல்வெட்டு அதைத்தான் சொல்கிறது, யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மாமனார் அங்கேயே நின்று விரலை மடக்கி அறுபது வருஷக் கணக்குப் போட்டார். 1987 பிரபவ, அங்கிருந்து பின்னால் எண்ணி 1564 சித்திரையில் பிறந்தது இரத்தாட்சி, அதற்கு முந்தியது ருத்ரோத்காரி. மைக்கேலாஞ்சலோ ருத்ரோத்காரி மாசி, ஷேக்ஸ்பியர் இரத்தாட்சி சித்திரை. அந்தக் காலத்து ஜூலியன் நாட்காட்டியில் நம் சித்திரை ஒன்றும் மார்ச் கடைசி வாரத்தில்தான் விழும். அப்படிப் பார்த்தால் அன்றைய ஃப்ளாரன்ஸ் வருஷப் பிறப்புக்கும் நம்முடையதற்கும் நடுவே சில நாள்தான் இடைவெளி. வீட்டில் பஞ்சாங்கம் ஒரு வருஷம், ஆபீஸில் ஏப்ரல் கணக்கு, பள்ளிக்கூடம் ஜூன் கணக்கு என்று மூன்று வருஷத்தில் ஒரே நேரத்தில் வாழ்கிற ஆட்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. கூட வந்த அமெரிக்கத் தம்பதிதான் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் பத்து நிமிஷம் போய்விட்டதால் வழிகாட்டிக்குக் கொஞ்சம் பதற்றம். எங்களுக்கு மொத்தச் சுற்றுலாவிலும் உருப்படியான பத்து நிமிஷம் அதுதான்.

கடைசி நிறுத்தம் சான்டா குரோச்சே. வரிசையில் நிற்க வேண்டாம் என்று விளம்பரத்தில் இருந்தது, நின்றோம், இருபத்தைந்து நிமிஷம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதை முன்பே மின்னஞ்சலில் சொல்லியிருக்கலாம். கை இல்லாத சட்டையோடு வந்த ஒரு பெண்ணுக்கு என் துப்பட்டாவைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் முதல் கல்லறை மைக்கேலாஞ்சலோ. வசாரி வடிவமைத்தது. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை என்று மூன்று பெண்கள் சோகமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் சிற்பம். செல்லினி பார்த்திருந்தால் சமாதானமாகியிருப்பார். கடைசித் தீர்ப்பு நாளில் கல்லறை திறந்து எழும்போது கதவு வழியாக டுவோமோ மேல் புரூனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம் கண்ணில் பட வேண்டும் என்று அவரே இடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் அங்கே நின்று வாசலைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பக்கத்திலேயே கவிஞர் தாந்தேக்குப் பெரிய நினைவிடம், உள்ளே ஆள் இல்லை, அவர் ராவென்னாவில் இருக்கிறார்.

நேர் எதிரே இடப்பக்கச் சுவரில் கலீலியோ. கையில் தொலைநோக்கி, கண் மேலே. இவர் 1642-இல் இறந்தார், இந்த இடத்துக்கு வந்தது 1737-இல். நடுவில் 95 வருஷம், மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு சின்ன அறையில், திருச்சபையின் மத விசாரணைக்கு ஆளானவருக்குப் பெரிய கல்லறை எதற்கு என்று போப் தடுத்ததால். இவர் பிறந்த அதே 1564-இல்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் டிரென்ட் மாநாட்டு முடிவுகளை போப் நான்காம் பயஸ் உறுதி செய்தார், தடை செய்யப்பட்ட புத்தகங்களின் புதுப் பட்டியலும் வந்தது. பின்னாளில் கலீலியோவின் புத்தகம் போய் உட்கார்ந்தது அந்தப் பட்டியலின் பின்வந்த பதிப்புகளில். அதே ஜனவரியில்தான் மைக்கேலாஞ்சலோவின் 'கடைசித் தீர்ப்பு' ஓவியத்தில் இருக்கும் நிர்வாணங்களை மூடவும் முடிவெடுத்தார்கள். அவர் கண் மூடிய பிறகு துணி வரைந்து மூடியவர் அவருடைய நண்பர் தானியேலே, சாகும்போது படுக்கை அருகே இருந்தவர். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கால்சட்டைக்காரன்'. இதையெல்லாம் அந்த இரண்டு கல்லறைக்கும் நடுவில் நின்றபடி கேட்டபோது மட்டும் அட்டையில் இருந்த தேதிகள் எனக்குத் தேதிகளாகத் தெரியவில்லை. அந்தப் பெண் இந்த இடத்தில் ஒப்பிக்கவில்லை, பேசினாள்.

பேசிவிட்டுக் கடைசியில் சொதப்பினாள். "மைக்கேலாஞ்சலோ இறந்த அதே நாளில் கலீலியோ பிறந்தார், ஒரு ஆன்மா போய் இன்னொன்று வந்தது" என்றாள், எல்லோரும் 'ஆ' என்றார்கள். மாமனார் அட்டையை நீட்டினார். அவர்கள் அச்சடித்த அட்டைதான், 15 என்றும் 18 என்றும் தெளிவாக இருக்கிறது. "எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்" என்றாள் பாவம். தேவையே இல்லாத பொய். மூன்று நாள் குழந்தை அங்கே அழுதுகொண்டிருக்க இங்கே கிழவர் கண் மூடினார், மறுநாள் 19-ஆம் தேதி பீசாவில் குழந்தைக்கு ஞானஸ்நானம். இது போதாதா?

இன்னொரு குறை, விரல். 1737-இல் கலீலியோவை இடம் மாற்றியபோது ஆர்வக்கோளாறில் சிலர் விரல்களையும் ஒரு பல்லையும் ஒரு முதுகெலும்புத் துண்டையும் எடுத்துக்கொண்டார்கள். நடுவிரல் ஆற்றோரம் உஃபீட்ஸிக்குப் பின்னால் இருக்கும் கலீலியோ மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிமிர்ந்து நிற்கிறது. காணாமல் போயிருந்த இன்னும் இரண்டு விரல்களும் பல்லும் 2009-இல் கிடைத்து அங்கேயே சேர்ந்துவிட்டன. விளம்பரத்தில் விரலின் படம் பெரிதாக இருக்கும், ஆனால் சுற்றுலாவில் விரல் சேர்த்தி இல்லை, தனி டிக்கெட். மறுநாள் நாங்களே போய்ப் பார்த்தோம். மகள் அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றாள். நடுவிரல்தான் என்று உறுதி செய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போகலாமா என்றால், வழிகாட்டி இல்லாமலும் இதைச் செய்யலாம். காலையில் லோஜ்ஜியாவின் கல்வெட்டில் தொடங்குங்கள், அவர்கள் நடுவில் வைத்தது தப்பு. அங்கிருந்து சான் லொரென்சோ, அப்புறம் வெயில் ஏறும்போது சான்டா குரோச்சே, உள்ளே குளுமை. சாயங்காலம் விரல். நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், தோளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்ல ஆள் வேண்டும் என்றால் இவர்களிடமே போகலாம், கருவி வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்தபிறகு அட்டையில் மார்ச் 25 விஷயத்தையும் சேர்க்கலாமே என்று அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் நன்றி சொல்லிப் பதில் வந்தது, கூடவே அடுத்த சுற்றுலாவுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன், இந்த வருஷக் கடைசிவரை செல்லும் என்று போட்டு. மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "எந்த ஊர்க் கணக்குல வருஷக் கடைசின்னு கேட்டு எழுதும்மா" என்றார்.